அணைத்தால் எந்தப் பக்கம் விழும்?

(கல்லூரி ஒன்றில் கணினித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கோணக்குறியையும் ஒரு கேள்விக்குறியையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிஎச்பி மொழியில் எழுதிய கோப்பில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால், இதுவரை வந்தது வெறும் பக்கம், இனி வருவது நிரல் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளாமலும் போகலாம். அதைத் தீர்மானிப்பது அந்த சர்வரில் இருக்கும் ‘ஷார்ட் ஓப்பன் டேக்’ என்ற செட்டிங். அது ஆன் என்றால் இந்த இரண்டு குறிகளும் மொழியின் இலக்கணம். ஆஃப் என்றால் வெறும் எழுத்து. ஒரே கோப்பு, ஒரே மொழி, ஒரே பதிப்பு. ஆனால் ஒரு சர்வரில் அது நிரல், இன்னொன்றில் அது கட்டுரை.

இந்த சுவிட்சை ஒழித்துவிடலாம் என்று பிஎச்பியைப் பராமரிப்பவர்கள் 2019இல் முடிவெடுத்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது, தீர்மானம் வென்றது. அதன் பிறகு எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களில் அதே பொருளில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை தீர்மானம் தோற்றது. சுவிட்ச் அப்படியே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளைச் சண்டையாகத் தெரியும். இரண்டு குறியையும் அவற்றோடு பிஎச்பி என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து எழுதினால் எந்த சர்வரிலும் வேலை செய்யும். மூன்று எழுத்துக்கு இத்தனை அமளியா என்று கேட்கத் தோன்றும்.

இதில் என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷார்ட் டேக் ஒழிய வேண்டியதுதான். ஆனாலும் 2019இல் அதை ஒழிக்காமல் விட்டது சரிதான். இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

கொஞ்சம் வரலாறு. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994இல் சி மொழியில் சில சிறு நிரல்கள் எழுதினார். அவற்றை 1995 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். மொழி ஒன்றை உருவாக்கும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. பக்கத்தின் நடுவே நிரலைச் செருக ஓர் அடையாளம் தேவைப்பட்டது. கோணக்குறியும் கேள்விக்குறியும் எஸ்ஜிஎம்எல் மரபில் ஏற்கெனவே அந்த மாதிரி வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அதை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்துக்கு அது நல்ல தேர்வு.

பிறகு 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது. அதன் கோப்புகளும் பெரும்பாலும் கோணக்குறி, கேள்விக்குறி என்றுதான் தொடங்கும். உடனே எக்ஸ்எம்எல் என்ற மூன்று எழுத்து வரும். பிஎச்பி சர்வர் இதைப் பார்த்தவுடன் தன் நிரல் தொடங்குகிறது என்று நினைத்து உள்ளே போய், ஒன்றும் புரியாமல் பிழை என்று நின்றுவிடும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு எக்ஸ்எச்டிஎம்எல் பக்கங்கள் பரவியபோது இந்தத் தொல்லை தினசரியானது. பக்கத்தின் முதல் வரியையே ஒரு சரமாக்கி, அதை நிரல் வழியாக அச்சிட்டுத் தப்பித்தவர்கள் ஏராளம்.

எக்ஸ்எம்எல் வந்த அதே ஆண்டு ஜூனில் பிஎச்பி 3 வெளியானது. ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் என்ற இரண்டு இஸ்ரேலிய மாணவர்கள் மொழியின் உள்ளகத்தைத் திருத்தி எழுதிய பதிப்பு அது. முழு எழுத்தில் பிஎச்பி என்று சொல்லித் தொடங்கும் முறை அப்போதே வந்துவிட்டது. பழைய குறுவடிவமும் தொடர்ந்தது. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் விலையைத்தான் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பது. பிஎச்பியின் செட்டிங்குகள் பெரும்பாலும் ‘பிஎச்பி.ஐஎன்ஐ’ என்ற கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு சர்வர் வைத்திருப்பவருடையது, நிரல் எழுதியவருடையது அல்ல. மலிவு விலை ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். எல்லா வாடகை வீட்டுக்கும் மெயின் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில் இருப்பதுபோல. அவர் ஒருநாள் சர்வரைப் புதுப்பிக்கிறார், புதிய செட்டிங் கோப்பைப் போடுகிறார். நீங்கள் உங்கள் நிரலில் ஒரு எழுத்தையும் தொடவில்லை; ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. சரி, நிரலுக்குள்ளேயே முதல் வரியில் இந்த சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. கோப்பை முழுவதும் படித்துப் பிரித்த பிறகுதான் முதல் வரி ஓடும். படிக்கும் முறையை மாற்றும் கட்டளையை, படித்து முடித்த பிறகு கொடுத்து என்ன பயன்? அப்பாச்சி சர்வரில் ‘டாட் எச்டிஅக்சஸ்’ கோப்பில் எழுதிப் பார்க்கலாம். சர்வர் பிஎச்பியை வேறு விதமாக இணைத்திருந்தால் அந்த வரியே புரியாமல் மொத்தத் தளமும் 500 பிழை காட்டும்.

டிஃபால்ட் மாற்றம் பிஎச்பிக்குப் புதிதல்ல. பெரிய மாற்றங்கள் இரண்டு முன்பே நடந்திருக்கின்றன. அவை இரண்டும் விழுந்த பக்கம் வேறு வேறு.

முதலாவது ரெஜிஸ்டர் குளோபல்ஸ். உங்களில் பலர் பிறப்பதற்கு முந்தைய கதை. அப்போது படிவத்தில் ‘பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தால், நிரலில் ‘பெயர்’ என்ற மாறி தானாகவே உருவாகி மதிப்போடு நிற்கும். எழுதுபவருக்குச் சொகுசு. ஆனால் படிவத்தில் இல்லாத பெயரையும் யாரும் முகவரிப் பட்டையில் தட்டி அனுப்பலாமே. கடவுச்சொல் சரியாக இருந்தால் ‘அனுமதி’ என்ற மாறிக்கு ஒன்று என மதிப்புக் கொடு, பிறகு ‘அனுமதி’ ஒன்றா என்று பார் என எழுதியிருப்பார்கள். கடவுச்சொல்லே தராமல், முகவரியின் வாலில் ‘அனுமதி ஒன்று’ என்று சேர்த்து அனுப்பினால் உள்ளே போய்விடலாம். நிரலர் அந்த மாறியைத் தொடக்கத்தில் பூஜ்யமாக்காமல் விட்டது தவறுதான். ஆனால் அந்தத் தவறை நடக்கும்படி ஏற்பாடு செய்து கொடுத்தது மொழி.

2001 டிசம்பரில் வந்த 4.1.0 பதிப்பு இதற்கு மாற்று வழி தந்தது. அடுத்த ஏப்ரலில் 4.2.0 பதிப்பு ரெஜிஸ்டர் குளோபல்ஸின் டிஃபால்ட்டை ஆஃப் ஆக்கியது. விற்பனையில் இருந்த பாடநூல்களின் உதாரணங்கள் எல்லாம் வேலை செய்யாமல் போயின. புத்தகத்தைப் பார்த்து ஓர் எழுத்து பிசகாமல் தட்டச்சு செய்த மாணவர், படிவத்தை அனுப்பினால் ஒன்றும் நடக்காமல் திகைத்து உட்கார்ந்திருப்பார். ஹோஸ்டிங் நிறுவனங்கள் வாடிக்கையாளர் தொல்லை தாங்காமல் மறுபடி ஆன் செய்தன. எக்ஸ்ட்ராக்ட் என்ற ஒரே ஒரு கட்டளையைக் கோப்பின் தலையில் எழுதிப் பழைய நோயைத் தாமே திரும்ப வரவழைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் 2009இல் 5.3 அதைக் கைவிடப்படுவது என்று அறிவித்தது. 2012 மார்ச்சில் 5.4 அதை அகற்றியது. டிஃபால்ட்டை மாற்றியதிலிருந்து அகற்றும்வரை பத்து வருடம்.

இவ்வளவு கலகத்திலும் ஒரு நல்லது இருந்தது. அணைத்தபோது நிரல் செயலிழந்தது. உள்நுழைவுப் பக்கம் யாரையும் உள்ளே விடவில்லை. உடைந்தது உடைந்ததாகத் தெரிந்தது, உடைந்தும் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. பத்திரமான பக்கத்தில் விழுந்த மாற்றம் இது.

இரண்டாவது மேஜிக் கோட்ஸ். பயனர் அனுப்பும் எழுத்தில் மேற்கோள் குறி இருந்தால் அது தரவுத்தளக் கட்டளையை உடைத்துவிடும். உடைத்து உள்ளே புகுபவர்களும் உண்டு. இதைத் தடுக்க பிஎச்பி, வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கு முன்னும் தானாகவே ஒரு பின்சாய்வுக் கோட்டைச் சேர்த்தது. நிரலருக்குத் தெரியாமலே பாதுகாப்பு. நிரலர் தானும் கவனமாக இருந்து அதே வேலையைச் செய்தால் கோடுகள் கூடிவிடும், திருத்தித் திருத்திச் சேமித்தால் மேலும் பெருகும். ஓ என்ற எழுத்துக்குப் பின் மேற்கோள் குறி போடும் அயர்லாந்துப் பெயர்க்காரர்கள், தங்கள் பெயருக்குள் சாய்கோடுகள் முளைத்து நிற்பதை எத்தனையோ தளங்களில் பார்த்திருப்பார்கள்.

எனவே கவனமுள்ள நிரலர்கள் எல்லோரும், மேஜிக் கோட்ஸ் ஆன் ஆக இருக்கிறதா என்று மொழியைக் கேட்டு, இருந்தால் கோடுகளை நீக்கு என்று ஒரு வரி எழுதிவைத்தார்கள். 2012இல் 5.4 அந்த வசதியையே அகற்றியது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் கட்டளை மட்டும் உயிரோடு இருந்தது. எப்போது கேட்டாலும் இல்லை என்று பதில் சொல்வதே அதன் வேலை. 2020 நவம்பரில் வந்த 8.0தான் அதையும் எடுத்தது. எடுத்தவுடன், எட்டு வருடமாக ஒன்றுமே செய்யாத அந்த ஒரு வரியால் பழைய தளங்கள் நின்றுபோயின. வேர்ட்பிரஸ் கதை இன்னும் வேடிக்கை. மொழி கைவிட்ட இந்தப் பழக்கத்தை அது இன்றும் தானே செய்கிறது: வரும் எழுத்துகளில் எல்லாம் சாய்கோடு சேர்க்க அதனிடம் தனியாக ஒரு செயற்கூறு இருக்கிறது. அதன் ப்ளகின்கள் எல்லாம் கோடு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. மாற்றினால் எது எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது.

மேஜிக் கோட்ஸை அணைத்தபோது எந்தப் பக்கம் விழுந்தது? நிரல் நிற்கவில்லை. வழக்கம்போல ஓடியது. சாதாரணப் பயனருக்கு எல்லாம் முன்பைவிட நன்றாகவே தெரிந்தது, பெயரில் கோடுகள் இல்லை. ஆனால் அதை மட்டுமே நம்பியிருந்த நிரலின் தரவுத்தளம் திறந்து கிடந்தது. உடைந்ததே தெரியாது, உடைந்ததைக் கண்டுபிடிப்பவர் திருட வந்தவராக இருப்பார்.

இங்கே ஒரு கிளைக் கதை. நம் எழுத்தோடு தொடர்புடையது என்பதால் சொல்லாமல் போக மனமில்லை. பக்கத்தில் அச்சிடும் முன் எழுத்துகளைப் பத்திரமாக்கும் கட்டளைகள் பிஎச்பியில் உண்டு. அந்த எழுத்து எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால், 5.4க்கு முன் அவை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டன. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே பதினைந்து பைட். அந்தக் கட்டளைகளில் ஒன்று ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக மாற்றிவிடும். தலையில் கோடு போட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வரிசையாக நிற்கும் பக்கங்களைப் பழைய தமிழ் இணைய வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். நம் எழுத்தில் பெரும்பாலான குறிகளின் முதல் இரண்டு பைட்டும் அவைதான். 5.4இல் டிஃபால்ட் யூடிஎஃப்-8 ஆனது. புதிய தமிழ்த் தளங்களுக்கு அது விடுதலை. டிஸ்கி குறியேற்றத்தில் பழைய தமிழை வைத்திருந்த தளத்துக்கோ? டிஸ்கியின் பைட்டுகள் யூடிஎஃப்-8 இலக்கணத்துக்கு ஒவ்வாதவை. ஒவ்வாத எழுத்தைக் கண்டால் அந்தக் கட்டளை பிழை சொல்லாது. வெறுமையைத் திருப்பித் தரும். கட்டுரை இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. பிற்பாடு 8.1இல் இன்னொரு டிஃபால்ட் மாறி, வெறுமைக்குப் பதில் ‘இங்கே புரியாத எழுத்து’ என்று காட்டும் குறி வரத் தொடங்கியது. கெட்டுப்போனது தெரிவதற்கு ஒரு வழி கிடைத்தது.

இப்போது ஷார்ட் டேக்குக்கு வருவோம். அதை அணைத்தால் எந்தப் பக்கம் விழும்?

பிஎச்பியைப் பொறுத்தவரை, தன் நிரல் தொடங்கும் அடையாளத்துக்கு வெளியே இருப்பது எல்லாமே பக்கத்தின் எழுத்து. அதை அப்படியே பயனருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அடையாளத்தை அது அடையாளம் காணாவிட்டால், உங்கள் நிரல் முழுவதும் பக்கத்தின் எழுத்தாகிவிடும். அனுப்பிவிடும். இதில் பிழை என்று சொல்ல எதுவுமே இல்லை. இலக்கணப்படி அது செல்லுபடியாகும் கோப்பு. தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் எழுதிய அமைப்புக் கோப்பு ஷார்ட் டேக்கில் தொடங்கினால், அத்தனையும் வெளியே போகும்.

அமைப்புக் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள் என்று பாதுகாப்புப் பாடத்தில் சொல்லித்தருவார்கள். நல்ல அறிவுரை. ஆனால் இந்த விபத்தில் அது காப்பாற்றாது. பொதுக் கோப்புறையில் இருக்கும் பக்கம் அந்தக் கோப்பை இன்க்ளூட் செய்கிறது. இன்க்ளூட் செய்தால் அதன் எழுத்துகளும் வெளியேறும். பிறகு அடுத்த வரியில் தரவுத்தளத் தொடர்பு கிடைக்காமல் பிழை வரும். அதற்குள் கடவுச்சொல் போய்ச் சேர்ந்திருக்கும்.

திரையில் அது தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது. கோணக்குறிக்குப் பின் கேள்விக்குறி வந்தால் பிரவுசர் அதை ஒரு தவறான குறிப்புரை என்று முடிவு செய்து, அடுத்த மூடும் கோணக்குறிவரை எதையும் காட்டாமல் விழுங்கிவிடும். எச்டிஎம்எல் 5 விதியே அதுதான். ஆக, திரை வெள்ளையாக இருக்கும். அல்லது நிரலில் முதல் அம்புக்குறி வரும் இடத்திலிருந்து அரைகுறையாகச் சில வரிகள் தெரியும். தளம் படுத்துவிட்டது என்று நினைப்பார்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவருக்கு முழு நிரலும் அங்கே இருக்கும். தேடுபொறியின் சிலந்தியும் அதைத்தான் படிக்கும்.

சர்வர் நிரலை ஓட்டாமல் எழுத்தாக அனுப்பிவிடுவது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் முகப்புப் பக்க நிரல் இப்படித்தான் வெளியே வந்து இணையம் முழுக்கப் பரவியது. அங்கே ஷார்ட் டேக் காரணமல்ல. தவறாக அமைக்கப்பட்ட ஒரு சர்வர். ஆனால் விளைவின் வடிவம் ஒன்றே. அவர்களிடம் உடனே கவனித்துச் சரிசெய்ய ஆட்கள் இருந்தார்கள். மாதம் சில நூறு ரூபாய் ஹோஸ்டிங்கில், எழுதியவர் வேலை மாறிப் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் கடைத் தளத்துக்கு யார் இருக்கிறார்கள்?

2019இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். முதல் திட்டம் நேரானது: 7.4இல் எச்சரிக்கை, 8.0இல் நீக்கம். எச்சரிக்கையைப் பார்த்து எல்லோரும் திருத்திக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. ஆனால் ஓடும் தளங்களில் எச்சரிக்கைகளை மறைத்துத்தான் வைப்பார்கள். மறைக்க வேண்டும் என்பதே பரிந்துரை. 7.4ஐத் தொடாமல் 7.3இலிருந்து நேராக 8.0க்குத் தாவுகிறவர்கள் எச்சரிக்கையைப் பார்க்கவே மாட்டார்கள். அவர்களின் முதல் எச்சரிக்கை, நிரல் வெளியே கசிந்ததாகவே இருக்கும். இந்த வாதம்தான் வென்ற தீர்மானத்தைத் திரும்ப மேடைக்கு இழுத்தது. ஆகஸ்டில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை. நவம்பரில் 7.4 வந்தபோது ஷார்ட் டேக் அதில் தொடப்படாமல் இருந்தது.

வாக்களித்த இரு தரப்பையும் படித்தால், ஷார்ட் டேக் நல்லது என்று வாதாடியவர்கள் குறைவு.  சண்டை, அந்த அறையில் இல்லாதவர்களைப் பற்றியது. டிஃபால்ட் என்பதே செட்டிங்கைத் திறந்து பார்க்காதவர்களுக்காக எடுக்கப்படும் முடிவு. அதை மாற்றினால் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே. விவாதம் நடக்கும் அஞ்சல் குழுவில் அவர்கள் இருக்க மாட்டார்கள், வாக்குரிமையும் கிடையாது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி பாணியில் சதவீதக் குறியோடு தொடங்குவது ஒன்று. ஸ்கிரிப்ட் என்று முழுதாக எழுதித் தொடங்குவது மற்றொன்று. இரண்டும் 2015 டிசம்பரில் வந்த 7.0இல் நீக்கப்பட்டன. யாரும் அழவில்லை. ஏஎஸ்பி பாணி டிஃபால்ட்டில் எப்போதும் ஆஃப். அதைப் பயன்படுத்தியவர் தேடிப் போய் ஆன் செய்தவராக இருப்பார், எனவே எங்கே மாற்ற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஷார்ட் டேக்கின் நெருங்கிய உறவு இன்னொன்று, சமக்குறி சேர்த்து ஒரு மதிப்பை மட்டும் அச்சிடும் குறுவடிவம். அதை 5.4லேயே சுவிட்சிலிருந்து பிரித்தெடுத்து, எப்போதும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். இலக்கணத்தை சுவிட்சிலிருந்து மீட்டதற்கு அது நல்ல உதாரணம். பிஎஸ்ஆர்-1 என்ற நடை விதியும் இந்த வடிவத்தையும் முழு வடிவத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது.

என் பார்வையில் பெரிய தவறு 2019இல் நடந்ததல்ல. அதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்தது. 5.3 பதிப்போடு வந்த இரண்டு மாதிரி அமைப்புக் கோப்புகளிலும், டெவலப்மென்ட்டுக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று, ஷார்ட் டேக் ஆஃப். ஆனால் எந்த அமைப்புக் கோப்பும் இல்லாவிட்டால் மொழி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஆன். டிஃபால்ட்டுக்கே இரண்டு டிஃபால்ட். இது இன்றும், 8ஆம் வரிசைப் பதிப்புகளிலும், அப்படியே இருக்கிறது. அப்போது இது பொருட்படுத்தத்தக்கதாக இருந்திருக்காது. எல்லோரும் ஏதோ ஓர் அமைப்புக் கோப்பை வைத்திருப்பார்கள். பிறகு டாக்கர் வந்தது. பிஎச்பியின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் மாதிரிக் கோப்புகள் இரண்டும் இருக்கும், ஆனால் எதுவும் நடைமுறைக்கு வந்திருக்காது. நாமே தேர்ந்து நகலெடுக்க வேண்டும். நகலெடுக்க மறந்தால் ஷார்ட் டேக் ஆன். உபுண்டுவில் பிஎச்பியை நிறுவினால் புரொடக்‌ஷன் மாதிரிக் கோப்போடு வரும். ஷார்ட் டேக் ஆஃப். உங்கள் மடிக்கணினியில் டாக்கரில் அழகாக ஓடிய நிரல், உபுண்டு சர்வருக்குப் போனதும் எழுத்தாகக் கொட்டும். யாரும் எதையும் மாற்றவில்லை. எல்லோரும் டிஃபால்ட்டைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதே இக்கட்டை ஜாவாஸ்கிரிப்ட் வேறு விதமாகச் சமாளித்தது. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அவசரமாக உருவாக்கிய மொழி அது, தளர்வான இலக்கணம். அறிவிக்காத பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் சத்தமில்லாமல் ஒரு பொது மாறியை உருவாக்கிவிடும். இதை இறுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் அங்கே அமைப்புக் கோப்பு கிடையாது. நிரல் ஓடுவது உலகத்தில் யார் யாருடைய பிரவுசரிலோ. டிஃபால்ட்டை மாற்றினால் ஒரே இரவில் இணையம் உடையும். 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் அவர்கள் கண்ட வழி, ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்ற இரண்டு சொல்லை மேற்கோளுக்குள் கோப்பின் முதல் வரியாக எழுதுவது. புதிய பிரவுசர் அதைக் கண்டால் கண்டிப்பு முறைக்கு மாறும். பழைய பிரவுசருக்கு அது எதற்கும் பயன்படாத ஒரு சரம், படித்துவிட்டுத் தாண்டிப்போகும். பழையவர்களை வருத்தாமல் புதியவர்களுக்கு மட்டும் புரியும்படி சொல்ல இதைவிடச் சாமர்த்தியமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. 2015இல் மாட்யூல்கள் வந்தபோது, புதிய வகைக் கோப்பு என்பதால் அதில் கண்டிப்பு முறையே டிஃபால்ட் என்று விதித்துவிட்டார்கள். இருக்கும் டிஃபால்ட்டை அவர்கள் மாற்றவில்லை. புதிய இடத்தைக் கட்டி அங்கே புதிய டிஃபால்ட் வைத்தார்கள்.

முழுக்க வெற்றி என்று சொல்ல முடியாது. வேகத்துக்காகப் பல கோப்புகளை ஒன்றாக ஒட்டி அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. முதல் கோப்பின் தலையில் இருந்த அந்த இரண்டு சொல், பின்னால் ஒட்டப்பட்ட பழைய கோப்புகளையும் கண்டிப்புக்குள் இழுத்து உடைத்தது. கோப்போடு போகும் அறிவிப்பு, கோப்பு என்பதன் எல்லை கலையும்போது தடுமாறும். ஆனாலும் அது நிரல் எழுதுபவர் செய்த செயலால் வந்த உடைசல். அவர் கண் முன்னால் நடந்தது.

பிஎச்பியும் இதைக் கற்றுக்கொண்டது. 7.0இல் கண்டிப்பான வகைச் சோதனை வந்தபோது அதற்கு அமைப்புக் கோப்பில் சுவிட்ச் வைக்கவில்லை. டிக்ளேர் என்று தொடங்கும் ஒரு வரியை ஒவ்வொரு கோப்பின் முதல் கூற்றாக எழுத வேண்டும். அந்தக் கோப்பிலிருந்து செய்யும் அழைப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சர்வர்காரர் அதை மாற்ற முடியாது. எழுதுவதற்கு அலுப்பான ஏற்பாடு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் கோப்பைப் படித்தாலே அது எந்த விதியின் கீழ் ஓடும் என்று தெரிகிறது. வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டாம். 2019 ஆகஸ்டில், ஷார்ட் டேக் சூடு ஆறுவதற்குள், ஸீவ் சுராஸ்கி இன்னும் ஒரு படி போய் ‘பி++’ என்ற யோசனையை வைத்தார்: ஒரே இயந்திரத்துக்குள் பழைய பிஎச்பி ஒன்று, கண்டிப்பான புதிய கிளைமொழி ஒன்று. ஒரு மொழி இரண்டாகிவிடும் என்ற அச்சத்தில் அது எடுபடவில்லை. எடுபட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம்.

கடைசியாக, வேலைக்குப் போனதும் உங்களில் பலர் கையில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பிஎச்பி தளம் ஒன்று கட்டாயம் வந்து சேரும். அதில் ஷார்ட் டேக் இருக்கும். வந்த வேகத்தில் சர்வரில் அதை அணைத்துவிடாதீர்கள். முதலில் கோப்புகளில் மாற்றுங்கள். ‘பிஎச்பி கோட்ஸ்னிஃபர்’ கருவி ஷார்ட் டேக் இருக்கும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும். ‘பிஎச்பி சிஎஸ் ஃபிக்சர்’ முழு வடிவத்துக்குத் தானே மாற்றித் தரும். வெறும் தேடல் வைத்து மொத்தமாக மாற்றப்போனால் எக்ஸ்எம்எல் தலைவரிகளும் சேர்ந்து கெடும். மூன்றாம் நபர் தந்த நூலகங்களையும், கிளை கிளையாக இன்க்ளூட் செய்யப்படும் சின்னச் சின்ன வார்ப்புருக்களையும் விட்டுவிடாதீர்கள். மிச்சம் இருப்பது அங்கேதான் இருக்கும். பிறகு உங்கள் சொந்த இயந்திரத்தில் அணைத்துப் பாருங்கள். திரையை நம்ப வேண்டாம், பக்க மூலத்தைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக இருந்த பிறகு சர்வரில் அணைக்கலாம். டாக்கர் பயன்படுத்துபவர்கள், புரொடக்‌ஷன் மாதிரிக் கோப்பை நகலெடுக்கும் ஒரு வரியை டாக்கர்ஃபைலில் சேர்த்துவிடுங்கள். மடிக்கணினியும் சர்வரும் ஒரே இலக்கணம் பேச அது போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.